வெட்டும் இடம்

மாதாந்திர மின்தடை நாளில் குமாரபாளையம் வேறு ஊர் போல ஆகிவிடும். தெரு முழுக்கத் தறிகள் நின்றுபோக, காக்கை சிறகடிப்பதுகூடக் காதில் விழும். அன்று மத்தியானமும் எல்லாம் அப்படித்தான் அடங்கிக் கிடந்தது. சமையற்கட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த அகல்யாவுக்கு, தன் கத்தி எதற்கோ தாளம் போடுகிறது என்பது உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம், அவர்கள் பட்டறையில், ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் நின்றுதான் இருந்தது.

பட்டறைக்குள் தங்கை நர்மதா மட்டும் இருந்தாள். கரண்ட் இல்லாத நாளில்தான் தறிகளில் அப்பிய பஞ்சைத் துடைக்க முடியும். தெருப்பக்கத்து ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. பஞ்சு பறந்து சோற்றில் விழாமலிருக்க, வீட்டுப்பக்கத்துக் கதவுக்கு அகல்யாதான் தாழ் போட்டிருந்தாள்.

கதவில் காதை வைத்தாள். எண்ணெய்யும் கருகிய ரப்பரும் கலந்த வாடை இடுக்கு வழியே வந்தது. அவர்களுடைய மூன்று தறிகளும் அவளுக்குத் தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும். இது அவற்றில் ஒன்றில்லை. கனமாக, ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலை இழுப்பதுபோல் நொண்டி ஓடியது. வேலைக்கு வந்த சென்னியம்மாளின் பின்னலைச் சுற்றி இழுத்துக் கொன்ற நாலாம் தறி. அதை எடைக்குப் போட்டாகிவிட்டது என்று அப்பா சரவணமுத்து, சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்திருந்தார். மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது காலி நூல் பெட்டிகள் என்றார்.

ஈரோட்டுச் சந்தைக்குப் போயிருந்த அவருக்கு போன் போட்டாள்.

"அப்பா, நாலாம் தறி ஓடுதுங்க."

சந்தை இரைச்சலைவிட்டு அவர் ஒதுங்கிப் போவது கேட்டது.

"எடைக்குப் போட்டுட்டேன்னீங்களே."

"மனசு வல்ல சாமி. நல்ல தறி." குரல் சட்டென்று மாறியது. "நர்மதா எங்க?"

"உள்ள."

"தொற. மொதல்ல கதவத் தொறந்து அவள வெளிய இழு."

தாழில் கை வைத்தாள். அப்போதுதான் சத்தத்துக்குள்ளிருந்து நர்மதாவின் குரல் வந்தது. தறியடியோடு கலந்து, மூச்சு விடாமல்.

தொறக்காதொறக்காதொறக்கா...

சின்ன வயதில் தறிச் சத்தத்தில் வார்த்தை தேடுவது அவர்கள் விளையாட்டு. நர்மதாவுக்கு "சாவி, சாவி" என்று கேட்கும் அதே சத்தம் அகல்யாவுக்கு "விசா, விசா" என்று கேட்கும். "எங்க வெட்டறோங்கறதுலதானுக்கா இருக்குது," என்பாள் நர்மதா, துணிக்கடைக்காரர் மாதிரி விரலைக் கத்தரித்துக் காட்டி.

தொறக்காத. தொறக்காத.

தெளிவாகத்தான் கேட்டது. பொய்ச் சத்தியம் செய்த வாய் திறக்கச் சொல்கிறது. கூடப் பிறந்தவள் வேண்டாம் என்கிறாள். யாரை நம்புவது?

அகல்யா மேல் தாழையும் போட்டாள்.

உள்ளே தறி வேகமெடுத்தது. கதவு அதிர்ந்தது. யாரோ தட்டுவது போலவும் இருந்தது. குறுக்கு நூலைச் சுமந்த நாடாக்கட்டை ஓடி மோதுவது போலவும் இருந்தது. அவள் இரு கையாலும் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தொறக்கல, சாமி," என்றாள் கதவிடம். "பயப்படாத. நான் தொறக்க மாட்டேன்."

தறி தளர்ந்தது. அடிக்கு அடி இடைவெளி விழுந்தது. குரலும் அதோடு தளர்ந்தது.

தொற... க்கா.

தொற.

அக்கா.

தாழை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். நகம் பெயர்ந்தது. தரையில் கிடந்த போனில் அப்பா கத்திக்கொண்டிருந்தார்.

தறி நின்றது.

காலில் ஏதோ பட்டது. குனிந்தாள்.

கதவுக்கு அடியிலிருந்து துணி வந்துகொண்டிருந்தது. நெடுக்கில் ஓடிய பாவு நீலம். குறுக்கில் ஓடிய ஊடை கறுப்பு. நூல் இல்லை அது. இன்னும் சூடு இருந்தது. காலையில் அவளே தங்கை தலையில் வைத்துவிட்ட மல்லிகை, நசுங்காமல், பூப்பூவாக, கரையோரம் ஒரே வரிசையில் நெய்திருந்தது.