கிழக்குப் படிக்கட்டு

"பொறுப்பத்தவளாம் நான்! நீங்களே படிச்சுப் பாருங்க சார்!"

கட்டட கான்ட்ராக்டர் அம்மா முறையீட்டு அதிகாரியின் மேசைமேல் காகிதத்தை வீசிய வேகத்தில் சுருக்கெழுத்துக்காரியின் பேனா உருண்டு கீழே விழுந்தது. புதிய மருத்துவமனை டெண்டரில் அந்த அம்மாள் கேட்டதுதான் ஆகக் குறைந்த தொகை. ஆனாலும் 'பொறுப்பற்ற ஒப்பந்ததாரர்' என்று தள்ளிவிட்டார்கள். அந்த முத்திரை விழுந்தால் இனி எந்த அரசு வேலையும் கிடைக்காது. அவரை நம்பியிருக்கும் முப்பது பேரும் நடுத்தெருவில்தான்.

முறையீட்டு அதிகாரி நிதானமாகப் படித்தார். காரணம் ஒரு மொட்டைக் கடிதம்: 'இவர் கட்டிய பள்ளிக்கு என் மகளைத் தினமும் மாடி வகுப்புவரை கொண்டுபோய் விடுகிறேன். கிழக்குப் படிக்கட்டு இப்போதே விரிசல் விட்டுவிட்டது. ஒரு தாய்.'

"உங்ககிட்ட விளக்கம் கேட்டாங்களா?"

"கேட்டாத்தானே! என்னைத் தள்ளிக் கையெழுத்துப் போட்டதே தலைமைப் பொறியாளர்தான். வேலை இப்போ அவரோட மச்சானுக்குப் போகுதாம்."

"அப்போ கடிதம் எழுதினதும் அவருதான் சார்!" என்று துள்ளினாள் சுருக்கெழுத்துக்காரி.

"அத்தாட்சி எங்கம்மா? வா, முதல்ல படிக்கட்டைப் பாத்துட்டு வருவோம்."

பள்ளியில் இருந்தது ஒரே படிக்கட்டு. அதுவும் மேற்குச் சுவரையொட்டி. விரிசல் மருந்துக்கும் இல்லை.

"கிழக்கால தோண்டினப்போ தண்ணிக் குழாய் குறுக்கே வந்துச்சு. அனுமதி வாங்கி இந்தப் பக்கம் மாத்தினேன்," என்றார் கான்ட்ராக்டர் அம்மா.

"பழைய வரைபடம்?"

"ஒரே ஒரு பிரதிதான். முன்னாடி செஞ்ச வேலைக்குச் சான்றா ஆஸ்பத்திரி டெண்டர் உறைக்குள்ள வெச்சு அரக்கு வெச்சுக் குடுத்தேன்."

மறுநாள் விசாரணை அறை. தலைமைப் பொறியாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "உனக்கெல்லாம் ஆஸ்பத்திரி கட்டற மூஞ்சியா? போய் மாட்டுக் கொட்டகை கட்டு," என்றார். கான்ட்ராக்டர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அந்த உறையைப் பிரிச்சது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான். பிரிச்சு என் பீரோவுல பூட்டி வெச்சேன். வேற யாரும் தொடலை."

"தினமும் படி ஏறுற தாய்க்கு அது எந்தப் பக்கம்னு தெரியாதா? கிழக்குல படிக்கட்டே கிடையாது சார். அது அந்தப் பழைய வரைபடத்துல மட்டும்தான் இருக்கு. கட்டடத்தைப் பாக்காம அந்தத் தாளை மட்டும் பாத்தவர்தான் இந்தத் தாய்," என்றார் அதிகாரி.

பொறியாளரின் முகம் செத்துப்போனது. ஆனாலும் விடவில்லை. "அப்போ வரைபடத்தை மீறிக் கட்டியிருக்கா! அதுவே போதுமே!"

"மாத்தறதுக்கான அனுமதி அதே உறையில பதினோராம் பக்கம். நீங்க அதுவரைக்கும் புரட்டலை."

சுருக்கெழுத்துக்காரிக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. பொறியாளர் எழுந்து கைகூப்பினார்.

"அம்மா, பெரிசு பண்ணாதீங்க. நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"எங்கிட்ட வேலை செய்யுற முப்பது பேரும் பிள்ளைகுட்டிக்காரங்கதான். கையெழுத்துப் போடறப்போ அவங்களை நெனச்சியாடா நீ?"

சுருக்கெழுத்துக்காரியின் பேனா நின்றது. அவள் அதிகாரியைப் பார்த்தாள்.

"எழுதிக்கோம்மா," என்றார் அவர். "'டா'வையும் விடாம எழுது."