பதினோராம் பாடு

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஏரிக்கரையோரம் ஆறு கிலோமீட்டர் குலுங்கி, தேவேந்திரன் அந்தக் குப்பத்தில் கால் வைத்தபோது காலை மணி பதினொன்று. தோளில் லேப்டாப் பை. கையில் பத்துக் கிலோ எடையில் புது ஸ்டோரேஜ் பெட்டி. ஒருத்தரும் உதவிக்கு வரவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தர் எச்சில் துப்பினார். மறுபடி குனிந்துகொண்டார்கள்.

காற்று செத்துக் கிடந்தது. எண்ணெய் ஊற்றிய தட்டு மாதிரி ஏரி அசையாமல் மின்னியது.

மீனவர் சங்க அலுவலகம் ஒரு காலத்தில் ஐஸ் கிடங்காக இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், படகுத்துறையைப் பார்த்தபடி. உள்ளே ஏசி குளிர். அந்தக் குளிருக்கு அடியில் ஒரு வாடை. கருவாடு என்றால் மூக்கு பழகிவிடும். இது சேறு. ஏரியின் அடியிலிருந்து தோண்டிய கறுப்புச் சேறு.

"நீதான் பொட்டியை மாத்த வந்தவனா?" செயலாளர் ஜெகதீஸ்வரன் நாற்காலியை விட்டு எழவில்லை. "போன தபா வந்தவன் மூணு நாள்னு சொல்லி மூணு வாரம் குந்திக்கினு இருந்தான். நீ இன்னா, இங்கயே பொண்ணு பாத்துக்கினு போற ஐடியாவா?"

"இன்னிக்கே முடிச்சிடலாம் சார்."

"முடி. முடிக்காம பஸ் ஏறலாம்னு பாக்காதே. ஆளுங்க வுட மாட்டாங்க." போனைக் காதில் வைத்தபடி படகுத்துறைக்குப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தவள் வளர்மதி. சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் கையில்.

அந்தக் குப்பத்துக்கு ஏரியில் பதினேழு பாடு. பாடு என்றால் வலை போடும் இடம். எந்த நாளில் எந்தப் பாடு யாருக்கு என்பதெல்லாம் முறை வைத்துத்தான். முறை தவறி ஒருத்தன் வலையை இறக்கினால் வெட்டுக்குத்து. அந்தச் சண்டை வேண்டாம் என்று, ஏதோ ஒரு திட்டத்தில் கிடைத்த சர்வருக்குள் பாடு ஒன்றுக்கு ஒன்று எனப் பதினேழு மெய்நிகர் கணினிகளை உருவாக்கியிருந்தார்கள். ஒரே வீட்டுக்குள் பதினேழு குடித்தனம் மாதிரி. இன்று யார் முறை, எந்தப் படகு, அது இப்போது எங்கே நிற்கிறது, எல்லாம் அதில் இருந்தது.

வீடு இப்போது இடியும் நிலை. பழைய ஸ்டோரேஜில் இரண்டு டிஸ்க் போய்விட்டது. மூன்றாவதில் மஞ்சள் விளக்கு. அதுவும் போனால் பதினேழு குடித்தனமும் காலி.

தேவேந்திரன் எக்செல் தாள் போடாமல் சுண்டுவிரலைக்கூட அசைக்காதவன். கணினியின் பெயர், அளவு, பொறுப்பாளர், வரிசை எண் என்று வரிசையாகக் கட்டங்கள். பொறுப்பாளர் பெயர் இல்லாத கட்டம் சிவப்பாகும். ஒரு சிவப்பு இருந்தாலும் வரிசை எண் விழாது. வரிசை விழாமல், பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு மாற்றும் வேலை ஓடாது.

புதுப் பெட்டியை இணைத்து முடித்தபோது பதினாறு கட்டம் பச்சை. ஒன்று சிவப்பு.

"பதினொண்ணுக்கு யாருங்க பொறுப்பு? மூணு வருஷமா ஆஃப் பண்ணி வெச்சிருக்கு."

"அது காலியாத்தான் இருக்கும். அத்த வுட்டுடு சார்."

"விட்டா ஷீட் நகராதே."

"நகராத ஷீட்டை யாரு எழுதினது, நானா?" அவள் எழுந்தாள். "டீ சொல்லிட்டு வர்றேன். அந்தக் கட்டத்துல கை வெக்காதே."

எந்த ஊரிலும் செய்வதைத்தான் அவன் அங்கேயும் செய்தான். பொறுப்பாளர் தெரியாத கட்டத்தில், இப்போதைக்கு இருக்கட்டும் என்று தன் பெயரைத் தட்டினான்.

கட்டம் பச்சையானது. வரிசை எண்கள் மளமளவென்று விழுந்தன.

பதினோராம் பாட்டுக்கு எண் ஒன்று.

சின்னது முதலில் என்றுதான் அவன் சூத்திரம் எழுதியிருந்தான். பதினொன்று சின்னது இல்லை. புருவத்தைச் சுருக்கினான். அதற்குள் மாற்றம் தொடங்கிவிட்டது.

அவன் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

இரண்டு சதவீதம்.

பக்கத்து மானிட்டரில் ஏரியின் வரைபடம். பதினாறு பாட்டிலும் பதினாறு படகுப் புள்ளிகள். பதினேழாவதாக ஒன்று, பதினோராம் பாட்டின் நடுவில் கண் திறந்தது.

வாசலில் கண்ணாடி டம்ளர் உடையும் சத்தம்.

"யோவ், யார் பேரைப் போட்டே?" வளர்மதியின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"என் பேர்தான். சும்மா டெம்ப்ரவரியா..."

"டெம்ப்ரவரியாம்! ஊர் மயானத்துல போய் டெம்ப்ரவரியா படுத்துக்குவியா?" அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மூணு வருசம் முந்தி கவியரசன் முறை. பதினொண்ணுக்குப் போனான். படகும் வரல, ஒடம்பும் வரல. ஒடம்பு கரை ஏறாத வரைக்கும் அவன் முறை முடியலைன்னு ஊர்க்கட்டு. அங்க வேற எவன் பேரும் ஏறக்கூடாது. ஏறிச்சுன்னா, என் எடத்துல எவன்டான்னு கேக்க வருவான்."

"அந்தப் புள்ளி..."

"அவன் படகு."

தேவேந்திரன் தன் பெயரை அழித்தான். கட்டம் சிவந்தது. ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து. யாரோ ஒற்றை விரலால் தட்டுவது போல நிதானமாக, அவன் பெயர் திரும்பவும் வந்து உட்கார்ந்தது.

முப்பத்தொரு சதவீதம். புள்ளி பதினோராம் பாட்டை விட்டு வெளியே வந்தது.

நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை. குனிந்து சர்வரின் பிளக்கைப் பிடித்தான்.

"புடுங்கு," என்றாள் வளர்மதி. "பதினாறு வூட்டு முறையும் சேந்து பூடும். அவன் வர்றதுக்குள்ள ஊரே உன்னை முடிச்சிடும்."

கை தானாகவே விலகியது.

ஐம்பது.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஏரியில் படகு எதுவும் வரவில்லை. காற்றில்லாத தண்ணீரில் ஒரு கோடு மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் மடிந்து விலக, நேராக இந்த ஜன்னலை நோக்கி.

சேற்று வாடை தொண்டையில் இறங்கியது. கால் ஜில்லிட்டது. சர்வர் அலமாரிக்குக் கீழிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்து, அவன் செருப்பை மட்டும் சுற்றி வளைத்தது.

"ஏதாவது சொல்லுங்க," என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"பேரை அழிக்க முடியாது. முறை மாத்திக்கலாம், அது ஊர்ல உண்டு. ஆனா ஒத்துக்கிற ஆளு வேணும். உனக்கோசரம் எவன் ஒத்துப்பான்?" சொல்லிக்கொண்டே ஆட்களைக் கூப்பிட வெளியே ஓடினாள்.

எழுபத்தெட்டு.

படகுத்துறையின் கடைசிப் படியில் ஜெகதீஸ்வரன் நின்றார். பாதம் தண்ணீரில். போனில் யாரையோ திட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேவேந்திரன் யோசிக்கவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது பொய். இரண்டு வினாடி யோசித்தான்.

ஜெகதீஸ்வரன் என்று தட்டினான்.

பெயர் நின்றது. கட்டம் பச்சை.

தண்ணீரில் வந்த கோடும் நின்றது. பிறகு மெதுவாகப் படகுத்துறைப் பக்கம் திரும்பியது.

ஜெகதீஸ்வரன் சிரிப்பை நிறுத்தினார். போனைக் காதிலிருந்து எடுத்தார். "யாருபா?" என்று ஏரியைப் பார்த்துக் கேட்டார். என்ன பதில் கிடைத்ததோ. "வர்றேன்பா, வர்றேன்," என்று பவ்யமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தார்.

அங்கே இருநூறு மீட்டருக்கு முழங்கால் ஆழம்தான்.

அந்த முழங்கால் ஆழத்தில் ஓர் ஆள் தலை மறைய மூழ்கினார்.

கத்திக்கொண்டு இருபது பேர் குதித்தார்கள். கையால் துழாவியே இறால் பிடிக்கிறவர்கள், அடிச்சேற்றை அங்குலம் அங்குலமாகத் துழாவினார்கள். ஒரு செருப்பு கிடைத்தது.

நூறு சதவீதம்.

மிச்சம் பதினாறும் ஒன்றும் நடக்காதது போல முக்கால் மணி நேரத்தில் புதுப் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. தேவேந்திரன் பையைக் கட்டும்போது வளர்மதி திரும்பி வந்தாள். சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது. எக்செல் தாளைப் பார்த்தாள். பதினோராவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

கத்தவில்லை.

"மாத்திக்கினியா?"

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"மாத்திக்கிறதுன்னா ரெண்டு பக்கமும்தான் சார். உன் முறை அவருக்குப் போச்சு. அவரு முறை உனக்கு. செவ்வாக்கெழம, நாலாம் பாடு." வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். "ஊர்க்காரங்க கிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. உன்னை அடிச்சு அவங்க கை எதுக்கு அழுக்காவணும்? போ, பஸ்ஸு போயிடும்."

செவ்வாய்க்கிழமை. அம்பத்தூரில் மூன்றாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை வீடு. தேவேந்திரன் திங்கள் மாலையே கதவை இரட்டைப் பூட்டுப் போட்டிருந்தான். காலை ஐந்து மணி ஆனது. ஆறானது. அழைப்பு மணி அடிக்கவில்லை. கதவை யாரும் தட்டவில்லை. ஏழு மணிக்குப் பால்கனியில் வெயில் விழுந்தது. கீழே பால்காரர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகம் கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்தபடி ஹாலுக்கு வந்தான்.

ஹாலின் குறுக்கே ஒரு மூங்கில் கழி கிடந்தது.

படகு தள்ளும் கழி. பதினைந்து அடி. லிஃப்டில் நுழையாது. மாடிப்படி வளைவில் திரும்பாது. ஒரு முனை சமையலறைக்குள் இருந்தது. மறுமுனை அவன் காலுக்குப் பக்கத்தில், கறுப்புச் சேறு சொட்டச் சொட்ட.

பூட்டு இரண்டும் பூட்டியபடியே இருந்தன.

"இன்னாபா," என்றது சமையலறைக்குள்ளிருந்து ஒரு குரல். ஜெகதீஸ்வரனின் குரல், வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. "உன் முறைதானே? எவ்ளோ நேரம் நிக்கறது?"

காய்ந்த மூங்கிலின் மேல் ஓர் ஈரக் கைத்தடம் விழுந்தது. அதைத் தாண்டி ஒரு சாண் இந்தப் பக்கமாக, இன்னொன்று.