பின்சீட்டுக்காரன்

"இந்த வண்டி மலையேறாது."

தடுப்புக் கம்பத்தருகே நின்ற மஞ்சள் சட்டைக்காரர் கறாராகச் சொன்னார். ஹால்வாருடைய காரின் பின்விளக்கு இரண்டும் எரியவில்லை. பனிப்புயலில் மலையைக் கடக்க, பனி அள்ளும் வண்டி முன்னே போகும். மற்றவை வரிசையாகப் பின்தொடரும். முன்வண்டியின் சிவப்பு விளக்குதான் ஒவ்வொருவருக்கும் வழி.

"உன் பின்னால வர்றவங்க எதைப் பார்த்து வருவாங்க?"

பின்னால் நின்ற காரிலிருந்த பெண் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கம்பளித் தொப்பிக்கும் கழுத்துத்துணிக்கும் நடுவே இரண்டு சாம்பல்நிறக் கண்கள்... கோபமான கண்கள்.

"உங்களால பதினோரு வண்டி நிக்குது. அதை ஓரமா விட்டுட்டு இதுல ஏறுங்க."

யாரையும் தொந்தரவு செய்வதைவிட இரண்டு நாள் அங்கேயே விறைத்துக் கிடக்கலாம் என்பது ஹால்வாரின் கொள்கை. ஆனால் இரண்டு மணிக்குப் படகு. ஏறினான்... பின்சீட்டில்.

"நான் என்ன டாக்சியா ஓட்டுறேன்?"

"தொந்தரவா இருக்குமேன்னு..."

"பின்னாடி உக்காந்து கழுத்துல மூச்சு விடறதுதாங்க தொந்தரவு."

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. நடுவில் நிறுத்தக் கூடாது. மலை முழுக்க அவனுக்குக் கிடைத்தது, சின்னக் கண்ணாடியில் அந்தக் கண்கள் மட்டுமே.

"உங்க முடியை யார் வெட்டினது?"

"நானேதான்."

"தெரியுது. எலி கடிச்ச மாதிரி இருக்கு."

கண்கள் சிரித்தன. அவனுக்கு உள்ளே ஏதோ இளகியது. பெயர் தோர்டிஸ் என்றாள்; அவனும் தன் பெயரைச் சொன்னான். ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு முடி வெட்டுகிறாளாம்.

"நீங்க எங்க போறீங்க?"

"தீவுக்கு. காத்தும் மழையும் அளக்கிற வேலை. படகுல கையெழுத்துப் போட்டா மே மாசம் வரைக்கும் அங்கதான்."

"தனியாவா?"

"பழகிடுச்சு."

கண்ணாடியில் சிரிப்பு அணைந்தது. ஏன் அணைந்தது? தனக்காகவா? சே... அப்படியெல்லாம் இருக்காது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உச்சியில் காற்று சுழன்றடித்தது. முன்னால் ஓடிய சிவப்பு விளக்கு காணாமல் போனது.

"ஹால்வார்... எனக்கு எதுவுமே தெரியல."

அவன் எட்டி முன்னால் குனிந்தான். "வலப்பக்கம் ரோட்டோரமா வழி காட்ட கம்பு நட்டிருக்கு பாருங்க. மெதுவா விடுங்க, நான் சொல்றேன். ஒரு கம்பு... அடுத்த கம்பு... பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

விளக்கு மறுபடி தெரிந்தபோதுதான், தன் கை அவள் தோளில் இருப்பதைக் கவனித்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான். வரிசை மலையிறங்கித் துறைமுகத்தை அடைந்தது.

இறங்கியதும் அவள் கழுத்துத்துணியை விலக்கினாள்; முதன்முறையாக அவள் முழு முகத்தையும் பார்த்தான். குளிரில் சிவந்த மூக்கு... கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு... எவ்வளவு அழகு.

"ரொம்ப நன்றி."

"சரி. போய்ட்டு வாங்க." ஒரு கணம் காத்திருந்தாள்.

ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று மனசு திட்டியது. கேட்டு, அவள் சிரித்துவிட்டால்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். படகின் மேசையில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. பேனாவை எடுத்தவன் ஜன்னல் வழியே பார்த்தான். தோர்டிஸ் இன்னும் போகவில்லை. பனியே இல்லாத கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்... மும்முரமாக.

பேனாவை வைத்துவிட்டு ஓடினான்.

"படகு கிளம்புதுங்க," என்றாள் நிமிராமலே.

"கிளம்பட்டும்."

"பழகிடுச்சுன்னு சொன்னீங்க?"

"பொய்." மூச்சு வாங்கியது. "பழகவே இல்ல, தோர்டிஸ். இதுவரைக்கும் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல. இப்போ கேக்கறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களோட இருக்கலாமா?"

படகு ஊதிக்கொண்டு நகர்ந்தது. அவள் நிமிர்ந்தாள். அவ்வளவு தைரியமான கண்கள் நிறைந்து வழிந்தன.

"இதைக் கேக்க ஒரு முழு மலை வேணுமா உங்களுக்கு?" என்றாள் குரல் உடைய. "ரெண்டாவது கம்புலயே நான் சரின்னு சொல்லியிருப்பேனே."