பிரதாப்பின் காது மெஷின்

பிரதாப்பின் காது மெஷினை உடைத்தது அவனுடைய அக்கா சுலக்ஷனாதான்.

அன்று திங்கட்கிழமை. வட்டகொடைப் பக்கம் ஐந்து நாளாக மழை விட்டபாடில்லை. துவைத்த துணி ஒன்றும் காயாமல், தேயிலைத் தோட்டத்து லயத்து அறை முழுக்க ஈர வாடை. ஆறு வயதுப் பிரதாப், அக்காவின் விஞ்ஞானக் கொப்பியில் பச்சைப் பென்சிலால் லொறி வரைந்து வைத்திருந்தான். ஒரு பக்கத்தில் இல்லை, நான்கு பக்கங்களில்.

"கொப்பியக் குடுடா" என்று சுலக்ஷனா பிடுங்கினாள். அவன் விடவில்லை. கோபத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து இழுத்தாள். கிடைத்தது காது மெஷினின் வயர்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

அந்த மெஷின் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. பிரதாப்பின் சட்டைப் பையில் இருக்கும். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று, காதில் செருகும் துண்டுக்குப் போகும். வயரின் நுனியில், அரிசி மணியைப் போல இரண்டு மடங்கு இருக்கும் ஒரு குட்டிப் பிளக். அதில் இரண்டு பின்கள்; வயர் உள்ளே இரண்டாகப் பிரிந்து அவற்றில் சேரும். இப்போது பிளக் இரண்டாகப் பிளந்து, ஒரு பின்னிலிருந்து வயர் அறுந்து தொங்கியது.

பிரதாப் காதைத் தொட்டுப் பார்த்தான். பெட்டியைத் தட்டிப் பார்த்தான். பிறகு கொப்பியை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சுலக்ஷனாவுக்குத் தோன்றியது.

சாயங்காலம் அம்மா ஜீவராணி கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்தார். அட்டை கடித்த காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டே கேட்டார்.

"தம்பி ஏன் மெஷின் போடல?"

"பெட்டரி முடிஞ்சிருச்சிம்மா."

சொன்ன பிறகுதான், தான் பொய் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது.

"சரி, சனிக்கெழம வாங்கிக்குவோம்" என்றார் அம்மா. அந்த மெஷினுக்காக அவர் எட்டு மாதம் காத்திருந்தார். அதைக் கொடுத்த காது கிளினிக் அடுத்து வர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், சுலக்ஷனா பைஸர் நானாவின் போன் கடைக்குப் போனாள். அவர் பிளக்கை உள்ளங்கையில் வைத்து, பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

"இது போன்ல வாற பின் இல்ல மகள். கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்கணும். கெடைக்குமான்னும் தெரியாது."

"நீங்க ஒட்டித் தர முடியாதா நானா?"

"ஈயம் வச்சா சூட்டுல இந்த பிளாஸ்டிக் உருகிரும். இருக்கிறதும் போயிரும்."

அவர் பிளக்கைக் கடதாசியில் மடித்துத் திருப்பித் தந்தார். அவள் மழையிலேயே வீட்டுக்கு நடந்தாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். பிரதாப் பத்தடி முன்னால், ரோட்டோரத்து நீரோட்டத்தில் ஒரு குச்சியை மிதக்கவிட்டு அதன் பின்னாலேயே போனான். குச்சி நடு ரோட்டுக்கு வந்தது. அவனும் வந்தான்.

வளைவில் கொழுந்து லொறி திரும்பியது. ஹோர்ன் அலறியது.

"தம்பி, தம்பி" என்று கத்திக்கொண்டே சுலக்ஷனா ஓடினாள். அவன் திரும்பவே இல்லை. குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

லொறி ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, இவனுக்கு என்னா காது கேக்காதா?"

"கேக்காதுங்க" என்றாள் சுலக்ஷனா.

  "கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போம்மா" என்று டிரைவர் மெதுவாகச் சொன்னார்.

வீடு வரைக்கும் அவள் அவன் கையை விடவில்லை. 

வீட்டுக்கு வந்ததும் கடதாசியைப் பிரித்தாள். ஈயம் வைக்கத்தான் கூடாது. சுற்றிக் கட்டினால் என்ன? வயரின் நுனியைப் பல்லால் மெல்லக் கடித்து உரித்தாள். உள்ளே தலைமுடியை விட மெல்லிய செம்பு இழைகள். இரண்டு தடவை அறுந்தன. மூன்றாவது தடவை, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழைகளைப் பின்னின் அடியில் சுற்றினாள். பிளக்கின் மறு பாதியை மேலே வைத்து அழுத்தினாள்.

மெஷின் வேலை செய்தால், காதுத் துண்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது 'கீ' என்று கத்தும். கிளினிக் மிஸ் அப்படித்தான் சோதிப்பார். சுலக்ஷனாவும் கொண்டுபோனாள்.

சத்தம் இல்லை.

திரும்பவும் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்தச் சின்ன இடத்துக்குள் இரண்டு வயர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். கடதாசி ஈரத்தில் ஊறிப்போகும். பிஸ்கட் பக்கட்டைக் கையில் எடுத்தாள். உள்ளே வெள்ளியாய் மினுங்கியது. அதிலும் கரண்ட் ஓடினால்? கீழே போட்டாள். கடைசியில் பாண் சுற்றி வந்த பொலித்தீனில் நகத்தளவு வெட்டி, நான்காக மடித்து, ஊசி முனையால் நடுவே தள்ளினாள்.

"புடி" என்று சைகை காட்டினாள். பிரதாப் பிளக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். அவள் நூலை இறுக்கிச் சுற்றினாள். நூல் அவிழாமல் இருக்க அம்மா நகத்துக்குப் பூசும் சிவப்பு கியூடெக்ஸைத் தடவினாள். ஈரக் காற்றில் அது காயவே மாட்டேன் என்றது. இருவரும் மாறி மாறி ஊதினார்கள்.

"கீ..."

அவளுக்கு அவ்வளவு பிடித்த சத்தம் உலகத்தில் வேறு எதுவும் இருந்ததில்லை.

காதில் மாட்டிவிட்டாள். பிரதாப் அசையாமல் நின்றான். பிறகு மழை விழும் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தான். "அக்கா, தகரம் சத்தம் போடுது."

அவன் தலையை வேகமாகத் திருப்பியபோது அவனுக்குச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வயரைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு ஊக்கால் சட்டைக் கொலரில் குத்திவிட்டாள். இனி யார் இழுத்தாலும் கொலர்தான் இழுபடும். "ஓடக் கூடாது. கிளினிக் வரைக்கும் இப்படித்தான்" என்றாள். அவன் ரொம்பக் கவனமாகத் தலையாட்டினான்.

அம்மா வந்ததும் முதலில் அந்தச் சிவப்புக் குமிழைத்தான் பார்த்தார். "என்னாது இது?"

பெட்டரி என்றே சொல்லித் தப்பித்திருக்கலாம். சுலக்ஷனா கொப்பியிலிருந்து லொறி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். லொறி என்றதும் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிரதாப்பை இழுத்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிளக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் ஏச ஆரம்பித்தார். வயரை இழுத்ததற்கு, பொய் சொன்னதற்கு, ரோட்டில் கையை விட்டதற்கு. குரல் பக்கத்து வீடுகளையும் தாண்டிப் போனது.

பிரதாப் அம்மாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, மெஷினின் சத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டான்.