மூன்று டம்ளர் தண்ணீர்

அடுகோடி கடைத்தெருவில் மூடப்பட்ட பேக்கரியிலிருந்து அப்பா ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி வாங்கிவந்தார். மேல்பக்கம் திறக்கும் பெரிய பெட்டி. அம்மா இரண்டு நாள் அதை முறைத்தாள். மூன்றாம் நாள் அதன் மூடிமேல் இஸ்திரித் துணிகளை அடுக்கிவிட்டாள்.

"குளிர்காற்று கனமானது, அம்ருதா. மூடியைத் திறந்தாலும் வெளியே ஓடாது. கரண்டு மிச்சம்!" என்றார் அப்பா மகளிடம்.

அவர் ஒரு தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினார். குளிரை அளக்கும் அதன் கம்பி முனை மூடிக்குக் கீழே தொங்கியது. ஐந்து டிகிரி வந்ததும் பெட்டி நின்றுவிடும். ஐஸ்பெட்டி இனி ஃபிரிட்ஜ்!

கரண்டு மீட்டர் சக்கரம் சுற்றாமல் நின்றதை அப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

மாடிவீட்டு லட்சுமம்மா ஆன்ட்டியும் பார்த்தார். "எங்க ஃபிரிட்ஜ் கெட்டுப்போச்சு, ரங்கநாதன். என் இன்சுலினை இதுல வைக்கலாமா? உறைஞ்சா வீணாயிடும்."

"தாராளமா! நாளைக்குக் கொண்டுவாங்க."

மறுநாள் காலை அம்ருதா பெட்டியின் அடியிலிருந்து திராட்சை எடுத்துக் கடித்தாள். கோலிக்குண்டு மாதிரி உறைந்திருந்தது!

அப்பா கணக்கு தப்புமா? நான்தான் அவசரப்படுகிறேனோ? ஒரு கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்ப்பவள் அவள். மூன்று டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். அடியில் ஒன்று, நடுவில் தொங்கும் கூடையில் ஒன்று, மேல் கூடையில் ஒன்று வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

சாயங்காலம் துணிகளை இறக்கி மூடியைத் திறந்தபோது ஆன்ட்டி மருந்துடன் வந்துவிட்டார்.

"கொடுங்க, அடியில வைக்கிறேன். அங்கதான் நல்ல குளிர்," என்றார் அப்பா.

"வேணாம்ப்பா!"

அம்ருதா அடியிலிருந்த டம்ளரைத் தன் தலைமேல் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

அப்பாவின் முகம் சுருங்கியது.

"மத்த ரெண்டும் தண்ணியாத்தான் இருக்குப்பா," என்றாள் மெதுவாக. "கம்பி மேலேயே தொங்குது. அடியில என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியல போல. நான் சொல்றது தப்பா?"

அப்பா டம்ளரைத் தட்டிப் பார்த்தார். "தப்பு உன்னுது இல்லை, கண்ணு," என்றவர், கம்பி முனையை அடிவரை இறக்கினார்.

"அப்ப என் மருந்து?" என்றார் ஆன்ட்டி.

"கொடுங்க ஆன்ட்டி. ரெண்டு நாளைக்கு சுனிதா வீட்டு ஃபிரிட்ஜ்ல வைக்கக் கேட்கிறேன்," என்று அம்ருதா எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டு நாளும் காலையும் மாலையும் டம்ளர்களைப் பார்த்து நோட்டில் எழுதினாள். எதுவும் உறையவில்லை. ஆனாலும் ஆன்ட்டி மறுபடி வந்தபோது அவள் நோட்டை முதலிலிருந்து புரட்டினாள்.

"இன்னொரு தடவை பார்த்துடலாமாப்பா?"

"பார்த்துடலாம்." அப்பா அடி டம்ளரை எடுத்துத் தன் தலைமேல் கவிழ்த்தார்.

சில்லென்ற தண்ணீர் மூக்கின்மேல் வழிந்து சட்டைக்குள் போனது; பக்கத்தில் இறக்கிவைத்திருந்த துணிகள்மேலும் தெறித்தது.

"வைக்கலாம்!" என்று நடுங்கிக்கொண்டே கத்தினார் அப்பா.

அம்ருதா மருந்தை நடுக்கூடையில் பத்திரமாக வைத்தாள். ஈர இஸ்திரித் துணிகளைப் பார்த்த அம்மா இப்போது பெட்டியை விட்டுவிட்டு அப்பாவை முறைத்தாள்.