ஏழாம் மாடி வாக்காளர்கள்

ஏழாம் மாடியின் முதல் கதவை அவள் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது.

"எட்டுப் பேர் இருக்கோம், டீச்சர்." நிதானமான ஆண்குரல்.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. கதவில் பார்க்கும் துளை இருந்தது, பார்த்திருப்பார்கள். ஆனால் அவள் டீச்சர் என்பது துளை வழியாக எப்படித் தெரியும்? கவுன்சிலர் சொல்லி வைத்திருப்பார். வேறு யார்?

பள்ளியில் கணக்கு நடத்துகிறவளை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். ஆற்றங்கரையில் கவுன்சிலர் புதிதாக எழுப்பிய பதினோரு மாடிக் குடியிருப்பு இது. கீழ் நாலு மாடியில் நிஜமாகவே குடித்தனம் இருந்தது. ஐந்திலும் ஆறிலும் ஒரு பெயர்கூட இல்லை. ஏழாம் மாடியில் மட்டும், பத்தே வீட்டில், எண்பத்தாறு பெயர்கள். போன தடவை கவுன்சிலர் ஜெயித்ததே நாற்பது ஓட்டில். இந்தத் தடவையும் ஜெயித்தால் பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழும். அவள் தெருவே காலியாகும். அதை எதிர்த்து மனுவும் கையுமாக அலைகிறவர் அவளுடைய அண்ணன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கிருந்து படகில் ஆள் இறக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஒருத்தரையாவது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

"கதவைத் திறங்க. ஆளைப் பாக்காம டிக் போட முடியாது."

"குழந்தை தூங்குது. பேரைப் படிங்க, சொல்றோம்."

படித்தாள். தகப்பன் பெயர், பிறந்த தேதி, பழைய விலாசம், எதுவும் பிசகவில்லை. அக்கரைப் பேச்சின் இழுவை எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. நன்றாகத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

அடுத்த கதவு. அதற்கடுத்தது. புதுப் பெயிண்ட் நெடிக்கு அடியில் எங்கிருந்தோ ஈரச்சேற்று வாடை வந்துகொண்டிருக்க, கோடி ஜன்னலில் மாலை வெயில் மங்கிக்கொண்டே போக, ஒரு வீட்டிலும் டிவி பேசவில்லை, குழாயில் தண்ணீர் விழவில்லை, ஒரு கரண்டிகூடப் பாத்திரத்தில் இடிபடவில்லை. எந்த வாசலிலும் ஒற்றைச் செருப்பு கிடையாது. ஐந்தாவது கதவில்தான் உறைத்தது. ஐந்து வீட்டிலும் பேசியது ஒரே குரல்.

ஒரே ஆள் உள்ளுக்குள்ளேயே வீடு வீடாக ஓடுகிறானா? செய்வார்கள். எதையும் செய்வார்கள் இவர்கள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏழாம் மாடில இருக்கேண்ணா. ஆளுங்க இருக்காங்க. கதவைத்தான் திறக்க மாட்டேங்கறாங்க."

"விளையாடாதம்மா. நாலுக்கு மேல வீட்டுக்குள்ள தளமே போடல. வெளிச்சுவரும் நடக்கிற வழியும்தான் ஜோடிச்சு வச்சிருக்கான். கட்டின மேஸ்திரியே சொன்னான். உடனே கீழ இறங்கு."

அவளுக்கு அண்ணன் மேலேயே சந்தேகம் வந்தது. எண்பத்தாறு பெயரையும் தங்கச்சி கையாலேயே பட்டியலிலிருந்து அடித்து நீக்க வைக்கக் கதை கட்டுகிறாரா? போனை வைத்தாள். யார் பேச்சையும் நம்ப வேண்டாம். கண்ணால் பார்த்துவிடலாம்.

ஐந்தாவது கதவின் கைப்பிடியை அழுத்தினாள். பூட்டவில்லை. உள்பக்கமாகத் திறந்தது, அதே வேகத்தில் ஓர் எட்டு வைத்தாள்.

காற்று முகத்தில் அறைந்தது.

அறை இல்லை. தரை இல்லை. நிலைக்கு அப்பால் கையகலச் சிமெண்ட் விளிம்பு. அதில்தான் அவள் கால். கம்பி நீட்டிய சுவர்களுக்கு நடுவே இரண்டு மாடி ஆழத்துக்கு வெறும் பள்ளம். யாரும் நிற்க இடமில்லை. யாரும் பேச இடமில்லை.

நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

ஒன்று.

இன்னொன்று.

பிறகு எல்லாமே.

மெல்ல, மிக மெல்ல, திரும்பினாள்.

லிஃப்ட் வரை ஆட்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக, பொறுமையாக. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. கைத்தடியோடு ஒரு கிழவர். கழுத்து வரை காயாத ஆற்றுச் சேறு. யார் வாயும் அசையவில்லை.

"பதிஞ்சுக்கங்க, டீச்சர்." அதே நிதானமான ஆண்குரல்.

"நில்லுங்க," என்றாள். "அங்கயே நில்லுங்க."

குதிகாலுக்குக் கீழே காற்று.

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.