யெல்லே தானாக விரும்பி ஓடுகிறான்

"நேத்து சாயங்காலம் யெல்லே சக்கரத்துல ஓடினானே, பாத்தேன்," என்றார் ஹார்மென், பச்சைக் குப்பைத்தொட்டியின் மூடிமேல் கையை ஊன்றியபடி. "இந்த வயசுலயும் என்னா ஓட்டம்."

ஹெட்விக் சிரித்தாள். அலுவலகங்களில் ஊழியர்களுக்கு மனவலிமை வகுப்பு எடுத்தே ஓய்வு பெற்றவள். எந்தச் செய்திக்கும் முகம் முதலில் சிரித்துவிடும், மனசு பின்னால் மெதுவாக வந்து சேரும். அன்று மனசு வந்து சேர்ந்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. யெல்லே நேற்று ஓடியிருக்க முடியாது. அவன் செவ்வாய்க்கிழமையே செத்துப்போனான். இப்போது ஹார்மெனின் உள்ளங்கைக்குக் கீழே, அந்தத் தொட்டிக்குள், காலிஃபிளவர் இலைகளுக்கும் காபிச் சக்கைக்கும் அடியில் கிடந்தான்.

"கறுப்புத் தலைக்காரிகள்ல ஒருத்தியா இருக்கும்," என்றாள்.

"என் எலிய எனக்குத் தெரியாதாம்மா? வெண்ணெய்க் கலரு. பின்னங்கால இழுத்து இழுத்து ஓடினான். நீங்க பெரிய ஆளுதான். எங்கிட்ட இருந்தப்ப சோத்துக்கு மட்டுந்தான் நகருவான்."

தெருமுனையில் குப்பை லாரி உறுமியது. ஹார்மென் மரியாதையாக விலகி நின்று, அவளுக்கு உதவியாகத் தொட்டியைத் தானே நடைபாதை ஓரம்வரை உருட்டிக்கொண்டு போனார். லாரியின் இரும்புக் கைகள் அதைத் தூக்கிக் கவிழ்த்தன. ஐசல் ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனிமூட்டத்தில் லாரி கரைந்து போகும்வரை அவள் வாசலிலேயே நின்றாள்.

ஹார்மென் எதிர்வீட்டுக்காரர். தூக்குப்பாலத்தைத் திறந்து மூடும் வேலையில் இருந்தவர். மனைவி போனபிறகு இரண்டு எலிச் சகோதரர்களை வளர்த்தார். ஒருவன் இலையுதிர்காலத்தில் போய்விட்டான். எலி வளர்ப்பவர்கள் எதைச் செய்தாலும் செய்வார்கள், ஒற்றை எலியை மட்டும் தனியே விடமாட்டார்கள். அதனால் யெல்லேயைத் தொப்பிக்குள் வைத்துத் தெருவைக் கடந்து வந்து, ஹெட்விக்கின் கறுப்புத் தலை கொண்ட இரண்டு பெண் எலிகளான பிப், நூரோடு விட்டுப் போனார். "இருக்கிற வரைக்கும் துணையோட இருக்கட்டும்மா," என்றார். அதன்பிறகு தினமும் சாயங்காலம் நடைபாதையில் நின்று ஜன்னல் வழியே அவனைப் பார்ப்பார். அந்தத் தெருவில் யார் வீட்டிலும் திரைச்சீலை கிடையாது. திரை இல்லாத வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை என்று பொருள். ஹெட்விக் ஒரு படி மேலே போய் மாடிப் படுக்கையறைக்கும் திரை போடாமல் வைத்திருந்தாள். அதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லும் வாய்ப்பு எப்படியோ அவளுக்கு அமைந்துவிடும்.

எலிகளைச் சக்கரத்துக்குப் பழக்குவதில் அவளுக்குத் தனி முறை ஒன்று இருந்தது. பழக்குவது என்ற சொல்லை அவள் அனுமதிக்கமாட்டாள், 'அழைப்பு' என்பாள். முதுகு வளையாத அளவுக்குப் பெரிய சக்கரம், கால் மாட்டாத முழுத்தளம். முதலில் அது சுழலாதபடி ஆப்பு வைக்க வேண்டும். எலிகள் படுத்த துணியை உள்ளே போட வேண்டும், அவற்றின் வாசனை ஏறட்டும். பட்டாணிக்கூழை ஒரு விரல் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எலி தானாக வரும், தானாக இறங்கும். எலி வளர்க்கும் எவருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஹெட்விக் அதற்குப் பெயர் வைத்தாள், அவ்வளவே. பெயர் வைத்ததால் எலிச் சங்கம் அவளைக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார வைத்தது.

பிப்பும் நூரும் சீக்கிரமே ஓடப் பழகிவிட்டன. யெல்லே மட்டும் உள்ளே போவான், கூழை நக்குவான், வெளியே வந்து துணியில் சரிந்து சுகமாகப் பல்லை நறநறவென்று அரைப்பான். அவனுக்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் உறவு. சனிக்கிழமை சங்கத்துக்காரர்கள் அவள் முறையை நேரில் பார்க்க அவள் வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள். 'எந்த எலியும், எந்த வயதிலும்' என்று அறிவிப்பில் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை இருட்டும் நேரத்தில் அவள் யெல்லேயைச் சக்கரத்துக்குள் வைத்து, திறந்த பக்கத்தை அட்டையால் மூடி டேப் ஒட்டினாள். கொஞ்ச நேரம்தான். பழகிக்கொள்ளட்டும் என்றுதான். அப்போது பார்த்துப் போன் அடித்தது. சங்கத்தின் பொருளாளர் கோரி.

"என்ன ஹெட்விக், கிழவன் ஓடுவானா? இல்ல நாங்க வந்து தள்ளிவிடணுமா?"

"நான் யாரையும் தள்ளுறதில்ல கோரி. இங்க கேளு." அவள் சமையலறைக் கதவைத் திறந்து போனை முன்னறைப் பக்கம் நீட்டினாள். டக் டக், சர்ர். டக் டக், சர்ர். முன்னங்கால்கள் இரண்டும் தட்ட, பலமில்லாத பின்னங்கால்கள் இழுபட்டுக்கொண்டு போகும் சத்தம்.

"தானாவா ஓடுறான்?"

"தானா விரும்பி."

கோரி சுருக்கமாகப் பேசிப் பழகாதவள். கேக் யார் கொண்டுவருவது என்பது வரை பேச்சு நீண்டது. நடுவில் ஒருதரம் முன்னறையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ஹெட்விக் அதைக் கேட்டாள். இன்னொரு தரமும் கேட்டாள். கேட்டுக்கொண்டே, ஆப்பிள் கேக்கே போதும் என்றாள். அப்புறம் சத்தம் நின்றுபோனது. நின்றதையும் கவனித்தாள். பேசி முடித்துவிட்டுத்தான் போனாள்.

அட்டையைப் பிரித்தபோது சக்கரம் தொட்டில் மாதிரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. துன்பம் மிஞ்சினால் எலியின் கண்ணிலிருந்து சிவப்பாக நீர் வடியும். ரத்தமில்லை, ஆனால் ரத்தம் போலவே இருக்கும். யெல்லேயின் இரண்டு கண்களையும் சுற்றிக் கண்ணாடி போட்டது போல அந்தச் சிவப்பு. அட்டையின் உட்புறம் பூராவும் நகக்கீறல்.

சனிக்கிழமை அவன் 'ஓய்வெடுக்க விரும்புகிறான். அவன் முடிவை நாம் மதிப்போம்' என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அவன் தூக்கத்தில் நிம்மதியாக இறக்கலாம். ஹார்மெனின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைக்கூட அவள் மனதில் தயார் செய்து வைத்திருந்தாள். நன்றாகவே வந்திருந்தது.

லாரி வந்து போன அந்த வியாழக்கிழமை, நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. ஹெட்விக் விளக்கைப் போட்டுவிட்டுக் கூண்டின் முன்னால் உட்கார்ந்தாள். கூண்டிலிருந்து வழக்கமான வாசனை வந்தது, மரத்தூளும் காய்ந்த புல்லும் எலி மயிரின் வெதுவெதுப்பும். அதற்கு அடியில், வேறொன்று, காபிச் சக்கையும் ஊறிப்போன காலிஃபிளவர் இலையும் கலந்த புளித்த வாடை. பிப்பும் நூரும் சக்கரத்தில் ஏறவில்லை. அதன் பக்கத்தில், முறைக்குக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்து, தலையை லேசாக ஆட்டி ஆட்டி, உள்ளே போய்வரும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு வேலையை ஆரம்பித்தன. கூண்டையொட்டி அவள் அடுக்கி வைத்திருந்த சனிக்கிழமைக் கையேடுகளைக் கம்பி வழியாக உள்ளே இழுத்துக் கிழித்து, நார்நாராக ஆக்கி, வாயில் கவ்விக்கொண்டு போய்ச் சக்கரத்தின் திறந்த பக்கத்தில் செருகின. ஒன்று கொண்டுவர, இன்னொன்று கையால் அழுத்தியது. எச்சிலால் ஒட்டியது.

கூடு கட்டுகின்றன என்று சொல்லிக்கொண்டாள். குளிர்காலத்தில் கட்டத்தான் செய்யும். தாளைப் பிய்த்துப் போட்டாள். காலையில் எழுந்து வந்தால் மறுபடி அடைத்திருந்தது, முன்னைவிடக் கனமாக. 'அழைப்பு' என்ற சொல்லின் பாதி ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. சக்கரத்தின் தளத்தில் துருநிறப் புள்ளிகள். துடைத்தாள். விரலில் ஈரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோரி மறுபடி கூப்பிட்டாள். "நாளைக்கு வீடியோ எடுக்கப் போறோம். கிழவன் தலைய வாரி வைங்க."

போனை வைத்தபிறகும் சமையலறையிலேயே நின்றாள். முன்னறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

டக் டக், சர்ர்.

அவள் போய்ப் பார்த்தபோது தாளால் அடைபட்ட சக்கரம் கனமாகச் சுழன்றுகொண்டிருந்தது. பிப்பும் நூரும் வெளியே இருந்தன. இரண்டும் அடைப்பின்மேல் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து, கதவை அழுத்திப் பிடிப்பவர்கள் போல நின்றன.

ஜன்னலுக்கு வெளியே ஹார்மென். கண்ணாடியில் அவருடைய மூச்சு வட்டமாகப் படிந்திருந்தது. ஆள்காட்டி விரல் சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றது. ஆனால் முகத்தில் நேற்றைய சந்தோஷம் இல்லை. வாசல் மணியை அடித்தார்.

"ஏம்மா, அவன் கண்ணு செவந்திருக்கே," என்றார், உள்ளே வராமல். "நிக்கவே மாட்டேங்கிறான். ரொம்ப நேரமா பாக்குறேன். அந்தப் பக்கத்த யாரு அடைச்சது?"

வாசல் விளக்கின் வெளிச்சத்தில் அவர் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். யெல்லேயைக் கொண்டுவந்த அதே தொப்பி. சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். வாய்வரை வந்தது.

"அவனுக்கு அது பிடிச்சிருக்கு ஹார்மென்," என்றாள். "தானா விரும்பித்தான் ஓடுறான்."

அவர் அவளைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். "நீங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்று தெருவைக் கடந்து போனார்.

ஹெட்விக் மாடிக்கு ஓடிப் படுக்கை விரிப்பை உருவிவந்து முன்னறை ஜன்னலில் மாட்டினாள். அந்தத் தெரு இதுவரை காணாத காரியம். பிறகு கூண்டைத் திறந்தாள். பிப்பும் நூரும் அவள் விரலைக் கடித்தன. இத்தனை நாளில் கடித்ததே இல்லை. இரண்டையும் விலக்கித் தள்ளிவிட்டு, சக்கரத்து அடைப்பில் நகத்தைக் கொடுத்துப் பிடுங்கினாள். கட்டுக்கட்டாகத் தாள் வந்தது, வெதுவெதுப்பாக. உள்ளே ஒன்றுமில்லை.

"போ," என்றாள். "இறங்கிப் போ. மன்னிச்சிரு."

சக்கரம் நின்றது.

அவள் கைவழியே ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது. காற்றாக இருக்கலாம். பிப்பும் நூரும் கூண்டிலிருந்து குதித்து, சுவரை ஒட்டி, இருட்டான நடைவழிக்குள் ஓடி மறைந்தன. கூப்பிட்டாள். வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ரொம்ப அமைதி. அவள் மாடியேறிப் படுக்கையறைக்குள் போய் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தினாள். விரிப்பில்லாத மெத்தையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தோன்றியது, மன்னிப்பைக்கூட ஆள் பார்க்காமல் திரை போட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறோம் என்று.

கதவுக்கு வெளியே சரசரப்பு.

கதவின் அடியிடுக்கு வழியாக ஒரு தாள்நார் உள்ளே நீண்டது. பிறகு இன்னொன்று. ரோஜா நிறத்தில் ஒரு சின்னக் கை வந்து அதை அழுத்திவிட்டுப் போனது. பிப்பும் நூரும். அவளுக்கு அழுகை வந்தது. தன்னைக் காப்பாற்றுகின்றன. அது உள்ளே வராதபடி அடைக்கின்றன. இடுக்கில் தெரிந்த மாடிப்படி விளக்கின் வெளிச்சம் துண்டு துண்டாக மறைந்துகொண்டே வந்து, இல்லாமல் போனது.

அவளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அந்தப்பக்கம்:

டக் டக், சர்ர்.

எழுந்தாள். ஓர் அடி வைத்தாள். அதுவும் வைத்தது. கட்டிலைச் சுற்றி நடந்தாள். பின்னாலேயே வந்தது. கதவைத் திறக்கக் கை நீட்டி நின்றாள். ஈரமாக ஒன்று கணுக்காலைத் தொட்டது. கை தானாகவே பின்வாங்கியது. நடந்தாள். வேகமாக நடந்தாள். புளித்த இலை வாடை. மூச்சு இரைத்தது. நிற்கக் கூடாது. ஓடினாள். கண்ணில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். சிவப்பு.

திரையில்லாத ஜன்னல் ஒவ்வொரு சுற்றிலும் வந்து போனது. எதிர்வீட்டில் விளக்கெரிந்தது. ஹார்மென் காபிக் கோப்பையோடு ஜன்னலோரம் வந்து நின்றார். அவளைப் பார்த்துவிட்டார். அவள் கத்தினாள், கீச்சென்றுதான் வந்தது. அடுத்த சுற்று. அவர் முகம் மலர்ந்திருந்தது. அடுத்த சுற்று. கோப்பையைக் கீழே வைத்திருந்தார். அடுத்த சுற்றில், அவருடைய ஆள்காட்டி விரல் அவளோடு சேர்ந்து மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உதடுகள் அசைந்தன. கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

இந்த வயசுலயும் என்னா ஓட்டம்.